சட்டியை முதலில் வைத்தவர்

மீன் பிடிக்கப் போவதற்கு முன்னால் அவர் குழம்பை அடுப்பில் வைத்துவிடுவார்.

இந்த வசனத்தை நீங்கள் இன்னொரு தடவை வாசித்தாலும் குறையில்லை. அதை நம்புவதற்கு எனக்கே சில வாரங்கள் பிடித்தன. வெங்காயம், உள்ளி, வெந்தயம் எல்லாம் வதக்கி, பழப்புளி கரைத்து ஊற்றி, ஊர்த் தூளை மனம்போலப் போட்டு, தேங்காய்ப்பால் தகர ரின்னையும் உடைத்துப் பக்கத்தில் வைத்து, மின்சார அடுப்பின் குமிழை ஆகக் குறைந்த சூட்டுக்குத் திருப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் கதவு மூலையில் சாத்தியிருக்கும் தூண்டில் கம்பைக் கையில் எடுப்பார். குழம்பில் குறைவது மீன் ஒன்றுதான். அது அந்த நேரம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் தன் சொந்த அலுவல்களைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கும்.

முதல் தடவை நான் பணிவாகத்தான் கேட்டேன், மீனைப் பிடித்துக்கொண்டு வந்து சட்டியை வைத்தால் என்ன என்று. ரிக்கற் எடுக்காமல் ஏறிய பயணியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“சட்டி கொதிக்குதெண்டு தெரிஞ்சாத்தான் தம்பி கை வேலை செய்யும்” என்றார்.

பயணி உவமை சும்மா வந்ததல்ல. ஊரில் அவர் பஸ் கொண்டக்டராக இருந்தவர். யாழ்ப்பாணம் பருத்தித்துறைப் பாதை. கடைசிப் பயணியின் ஒரு கால் இன்னும் தரையில் இருக்கும்போதே மணியை அடித்து “ரைட்” சொல்லும் ரகம். அந்தப் பாதையில் போய் முழங்கால் உரஞ்சுப்பட்ட இரண்டொருவர் டென்மார்க்குக்கும் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்கள் இவரைக் கண்டதும் முதலில் முழங்காலைத் தடவிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பார்கள்.

நான் சொல்வது டென்மார்க்கின் யூலாந்துப் பக்கத்துச் சின்ன ஊரான கிரின்ஸ்டெட்டில், எண்பதுகளின் பின்பாதியில். எங்கள் ஆட்கள் மனைவி பிள்ளைகளை அழைப்பதற்குப் போட்ட கோப்புகள் கொப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையில் அசையாமல் படுத்திருந்த வருடங்கள். அவற்றைப் படுக்கவைத்தது மேலிடத்து உத்தரவு என்பது பிறகு நாடு முழுக்கத் தெரியவந்து, ஓர் அரசாங்கமே அதில் கவிழ்ந்தது. எங்களுக்கு அந்த நேரம் தெரிந்ததெல்லாம் “பரிசீலனையில் உள்ளது” என்ற ஒரு வரிதான். அந்த வரியின் டேனிஷை நாங்கள் எல்லாரும் பிழையில்லாமல் உச்சரிப்போம். மற்ற டேனிஷ் பிறகுதான் வந்தது.

அவருடைய மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது இவர் வெளிக்கிட்டவர். இரண்டு படுக்கையறை உள்ள கீழ்வீடு ஒன்றை எடுத்து, அதில் ஒன்றை மகளின் அறை என்று ஒதுக்கி, முயல்படம் போட்ட சின்னக் கட்டில் ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தார். அந்த அறையில்தான், “அவள் வருமட்டும்” என்ற நிபந்தனையோடு, எனக்கு இடம் தந்தார். கட்டிலை மாற்றுவதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. மூன்று வருடம் நான் முயல்களோடு படுத்தேன். கணுக்காலுக்குக் கீழ்ப்பட்ட என் பகுதி எப்போதும் கட்டிலுக்கு வெளியே இருந்தது. குளிர்காலத்தில் அதற்கென்று தனியாக இரண்டு சோடி காலுறை.

பழைய கார் ஒன்றும் வைத்திருந்தார். கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பினால் பாதி வாழ்க்கை தரிப்பிடத்தில் போய்விடும் என்பது ஒரு கொண்டக்டருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கார் வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கவில்லை, கதவுகளை எண்ணினார் என்று கூடப்போனவர் சொன்னார். நாலு கதவு வேண்டுமாம். நான் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க அந்தக் காரில் கேட்டது ஒரே கதவின் சத்தம். வேலை முடிந்து வருவார், கதவு ஒன்று சாத்தும், குசினிக்குள் வருவார். நான் இரவு வேலைக்காரன் என்பதால் அந்தக் காரில் ஏறும் பாக்கியம் எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்தது.

எங்கள் ஆட்கள் அந்த வருடங்களில் அதிகம் பாவித்த சொல் “பாப்பம்”. கோப்பு என்னவாயிற்று, பாப்பம். சண்டை நிற்குமா, பாப்பம். எனக்கும் அது பிடித்த சொல்தான். வாசிப்புப் பழக்கம் உள்ளவனுக்கு அது ஒரு தத்துவம் மாதிரி. அவருக்கு மட்டும் அது காதில் விழக்கூடாது. “பாக்கிறதுக்கு அங்க என்ன கிடக்கு? வருகினம்” என்பார். எங்கள் ஆட்கள் இருந்த இன்னொரு நகரமான கோல்டிங்கில் ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ ஒருவர், குடும்பம் எப்போது வரும் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார். “வந்திட்டினம் எண்டு வையுங்கோ” என்று சொல்லிவிட்டு இவர் கேக்கை வாயில் வைத்தார். அதற்குப் பிறகு கோல்டிங்கிலிருந்து யார் ரெலிபோன் எடுத்தாலும், “என்ன அண்ணை, சட்டி கொதிச்சிட்டுதோ?” என்பதுதான் முதல் கேள்வி. இவருக்கு அது பகிடியாகவே படவில்லை. கொதிக்கிறது என்றோ, இனித்தான் வைக்கவேண்டும் என்றோ நேர்மையாகப் பதில் சொல்வார்.

ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். டேனிஷ்காரர் அதை ‘ஓ’ என்று ஒரே ஓர் எழுத்தால் அழைக்கிறார்கள். அதன் அகலத்துக்கு அந்த ஓர் எழுத்தே தாராளம். நன்றாக ஓடிவருகிற ஒருவன் நனையாமல் தாண்டிவிடலாம். நான் ஒருமுறை தாண்டிப் பார்த்தேன். நான் நன்றாக ஓடுகிறவன் அல்ல என்பது உறுதியானது.

தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் மணல், ஓட்டத்தோடு தலைசாய்த்து ஆடும் பச்சைக் கொடிகள், அவற்றுக்கு இடையில் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து அசையாமல் நிற்கும் மீன்கள். மேலில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி. ஓரெட் என்று பெயர். யாழ்ப்பாணத்தானுக்கு ஆறு என்பது புவியியல் பாடத்தோடு முடிந்துபோன விஷயம். எங்கள் மீனெல்லாம் கடல்மீன். இவர் முதல்நாள் ஆற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக் குடித்துப் பார்த்து, உப்பில்லை என்று அறிவித்தார். உப்பறியாத மீனுக்கு நாங்கள்தான் உப்பைப் பழக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் குழம்பில் எப்போதும் ஒரு பிடி கூடவே விழும்.

அங்கே புழுவைக் கொளுவிப் போட்டுவிட்டுக் குந்தியிருக்க முடியாது. ஊர்த் தூண்டில்காரர் சங்கத்தின் சட்டப்படி பொய் ஈ மட்டும்தான். சின்னக் கொக்கியில் இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரிச் செய்து, தலைக்கு மேலால் முன்னும் பின்னும் நூலை வீசி, மீனின் மூக்குக்குச் சற்று முன்னால் சத்தமில்லாமல் இறக்கவேண்டும். மீன் ஓட்டம் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் ஆள் அதன் பின்னாலிருந்து குனிந்து பதுங்கிப் போகவேண்டும். இது அவருக்கு உடனே பிடித்துவிட்டது. பின்கதவால் ஏறுகிறது என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

நான் நகர நூலகத்தில் இருந்த தூண்டில் புத்தகங்களை எல்லாம் எடுத்து வாசித்தேன். இடுப்புயர றப்பர் காற்சட்டை போடுவதைவிட வாசிப்பது சுலபம். தூண்டில் பொறுமையைக் கற்பிக்கும் என்று எல்லாப் புத்தகமும் ஒரே குரலில் சொல்லிற்று. அதை அவரிடம் சொன்னேன்.

“பொறுமைக்கு ஏன் தம்பி ஆத்தங்கரைக்குப் போவான்? கொம்யூன் கந்தோருக்குப் போய் நம்பர் எடுத்துக்கொண்டு இருந்தாக் காணுமே.”

உண்மையில் அவர் பொறுக்கவே இல்லை. ஒரு மீன் எடுக்காவிட்டால் அடுத்த வளைவுக்கு, அங்கும் இல்லாவிட்டால் பாலத்துக்கு மேலே, என்று ஆற்றை ஒரு பஸ்பாதை மாதிரி ஏறிக்கொண்டே போவார். கெட்டிக்காரத் தூண்டில்காரர் என்றும் சொல்லமுடியாது. கரையோர வில்லோ மரங்களில் இலை துளிர்க்கும் முன்பே அவருடைய ஈக்கள் துளிர்த்துவிடும். அந்த ஈக்களில் பாதி என் தலைமுடியால் கட்டியவை. இறகைவிடத் தமிழ்முடி தண்ணீரில் நன்றாக நிற்கிறது என்று எப்படியோ கண்டுபிடித்து, நான் தலைமுடி வெட்டும் நாளெல்லாம் கீழே பேப்பர் விரித்துக் காத்திருப்பார். அந்தக் காலத்தில் எனக்குத் தலைமுடி இருந்தது. இப்போது இல்லாததற்கு வயதுதான் காரணம் என்று வைத்தியர் சொல்கிறார். எனக்கு அந்த வில்லோ மரங்களின் மேலும் ஒரு சந்தேகம் உண்டு.

சங்கம் சொல்லும் அளவுக்குக் குறைந்த மீனைத் திரும்ப ஆற்றில் விடவேண்டும். விடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. தண்ணீருக்குள் இரண்டு கையாலும் ஏந்தி, அது மூச்சுப் பிடித்து நிதானத்துக்கு வரும்வரை வைத்திருந்து, “போய் வளந்து வா, சட்டி அங்கதான் கிடக்கும்” என்பார். மீனுக்கு அதில் எவ்வளவு ஆறுதல் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆக, சட்டி தயாராகி மீன் தயாராகாமல் முடிந்த சனிக்கிழமைகள் ஏராளம். அன்றைக்கு அவித்த முட்டையோ உருளைக்கிழங்கோ உள்ளே இறங்கும். அவர் அதையும் மீன்குழம்பு என்றே சொல்லிப் பரிமாறுவார். முன்யோசனைக்காரனான நான் என் புத்தகங்களுக்குப் பின்னால் ஒரு ரின்மீன் ஒளித்து வைத்திருந்தேன். தக்காளிச் சாற்றில் போட்டது, இந்த நாட்டின் ஒவ்வொரு குசினியிலும் இருப்பது. ஒருநாள் புத்தகம் தேடப்போய் அவர் அதைக் கண்டுவிட்டார்.

“உது என்னத்துக்கு?”

“ஒரு பாதுகாப்புக்கு அண்ணை.”

“உது இருக்கிற வீட்டுக்கு மீன் வராது” என்று சொல்லி, திரும்ப அதே இடத்தில் பக்குவமாக வைத்தார். அதற்குப் பிறகு மீன்படாத நாட்களில் ஆற்றையோ தூண்டிலையோ குறைசொல்வதில்லை. என் புத்தகத் தட்டைத்தான் முறைப்பார்.

பள்ளிக்கூட விஷயம் எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. அங்கே ஒரு கடிதத்தை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நடையில், வகுப்புக் கதவின் பக்கத்தில், பிள்ளைகள் மழைக்கோட்டு மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர். நடுவில் ஒரு கொக்கியில் அவருடைய மகளின் பெயரும் இருந்தது. கீழே மஞ்சள் நிற மழைக்கோட்டு ஒன்று, ஒரு துளி மழை காணாமல், மடிப்புக் கலையாமல் தொங்கிற்று.

ரீச்சர் சொன்னார், தகப்பன் வந்து, மகள் ஆவணியில் வருகிறாள், இடம் வையுங்கள் என்று கேட்டாராம். அவர் கேட்ட விதத்தில் பிள்ளை வெளியே காரில் இருக்கிறதாக்கும் என்றுதான் ரீச்சர் முதலில் நினைத்தாராம். ஆவணி வந்தது, பிள்ளை வரவில்லை. பெயரை எடுக்க ரீச்சருக்கு மனம் வரவில்லை. பிறகு வந்த வருடங்களில் வகுப்பேறும்போது மற்றப் பிள்ளைகளோடு அந்தப் பெயரும் அடுத்த நடைக்கு ஏறிற்று. இவர் போய்க் கோட்டையும் மாற்றினார். மஞ்சளுக்குப் பிறகு நீலம், நீலத்துக்குப் பிறகு சிவப்பு. அளவுக்கு அந்த வகுப்பிலேயே நடுத்தர உயரமான பிள்ளை ஒன்றைப் பிடித்து நிறுத்திப் பார்ப்பாராம். யூலாந்துப் பால் குடித்து வளரும் பிள்ளையின் நடுத்தர உயரம் என்ன, யாழ்ப்பாணத்தில் குண்டுச் சத்தத்துக்குள் வளரும் பிள்ளையின் உயரம் என்ன என்று நான் நினைத்தேன்.

வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது. அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை கடையில், சிவந்த கன்னத்துப் பெட்டை ஒருத்தி இவரை மறித்து, இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய நேர்மையோடு, அவள் மிக நெடுநாளாய் வந்துகொண்டிருக்கிறாளே என்றாள். தாய்க்காரி சிவந்துபோய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தார். இவர் குனிந்து, தன்னுடைய மூன்று சொல் டேனிஷில், பஸ் பிந்திவிட்டது என்றார். பெட்டைக்கு அது நியாயமாகப் பட்டது. கிரின்ஸ்டெட் பிள்ளை அல்லவா.

நெருப்புச் சம்பவம் மஞ்சள் கோட்டுக் காலத்தில் நடந்தது. வைகாசி கடைசியில் ஓரிரு வாரம் ஆற்றிலிருந்து பெரிய ஈக்கள் கூட்டம் கூட்டமாக எழும்பும். சங்கத்துக்காரருக்கு அதுதான் திருவிழா. மீன்கள் வெட்கம்கெட்டுப் போய் மேலே வந்து விழுங்கும். அன்றைக்கு நான் மேலதிக வேலைக்குப் போயிருந்தேன். இவர் சட்டியை வைத்துவிட்டுப் போனவர், வளைவுக்கு வளைவு ஏறி, எங்கள் வீடிருக்கும் திசையையே மறந்துவிட்டார். குழம்பு வற்றிக் கரியாகி, பக்கத்துவீட்டு அம்மையார் புகையைக் கண்டு தீயணைப்புக்கு அடித்துவிட்டார்.

சின்ன ஊரில் தீயணைப்புக்காரர் என்றால் வேறு வேலை செய்கிறவர்கள்தான், மணியடித்தால் ஓடிவருவார்கள். அன்று ஓடிவந்த நாலுபேரில் ஒருவர் தூண்டில்காரர் சங்கத் தலைவர். பால்பண்ணைக்காரர், பாலைவிடப் பேச்சைச் சிக்கனமாக அளப்பவர். நான் வந்து சேர்ந்தபோது குசினிக்குள் தலைக்கவசத்தோடு நின்று சட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பின்கதவால் இவர் ஓரெட் ஒன்றை ஏந்திக்கொண்டு வருகிறார். தலைவர் சட்டியைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். பிறகு தீயணைப்புச் சட்டைக்குள் கையைவிட்டு அளவுநாடாவை எடுத்து, எல்லாவற்றுக்கும் முதலில் மீனை அளந்தார். சங்கத்தின் அளவைவிட ஒரு நகக்கண் கூடுதலாக இருந்தது. தலையை ஆட்டி, நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான், வீட்டுக்கு நெருப்பு வைப்பது ஆபத்து என்று சொன்னார்.

சிரித்து முடிந்தபின், வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுச் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டை விடவேண்டும் என்றார்கள். குடும்பத்தை அழைக்கிறவனுக்குப் போதிய வீடு இருக்கவேண்டும். வீடு போனால் படுத்துக்கிடக்கும் கோப்பு எழும்பத் தேவையே இல்லாமல் போய்விடும். இந்த விஷயம் மற்ற எவரையும்விட அவருக்குத் தெரியும். இனி மீனைப் பிடித்த பிறகுதான் சட்டி என்று நான் நிம்மதியாக இருந்தேன். அடுத்த சனிக்கிழமை புதுச் சட்டி ஒன்று அடுப்பில் இருந்தது.

“தம்பி, நீர் சும்மா புத்தகம் வாசிக்கிறதை இந்தக் கதிரையில இருந்து வாசியும். வத்தினாக் கொஞ்சம் தண்ணி விடும்.”

இப்படித்தான் நான் சட்டிக்குக் காவலானேன். பல்கலைக்கழகத்தை இடையில் விட்டவனுக்குக் கிடைத்த முதலாவது பொறுப்பான பதவி. குசினிச் சன்னலால் பார்த்தால் புல்வெளியும் ஆற்றோர நாணல்களும் தெரியும். நாணலுக்கு மேலே அவருடைய பச்சைத் தொப்பி மட்டும் போகும். தொப்பி ஓடினால் மீன் எடுத்திருக்கிறது. தொப்பி நின்று மேலே பார்த்தால் வில்லோ எடுத்திருக்கிறது. ஒரு பக்கம் வாசிப்பேன், தொப்பியைப் பார்ப்பேன், தண்ணீர் விடுவேன். அந்த வருடங்களில் நான் வாசித்த உலக இலக்கியம் எல்லாவற்றிலும் வெந்தயம் மணக்கும்.

பிறகு இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் இறங்கிய அந்த ஐப்பசி. கடிதம் நின்றுவிட்டது. ரெலிபோன் என்ற பேச்சே இல்லை. வானொலியில் ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். டேனிஷ் அறிவிப்பாளர் அவற்றை உடைத்துச் சொல்வார், நாங்கள் துண்டுகளைப் பொறுக்கி எந்த ஊரென்று கண்டுபிடிப்போம். அந்த வாரம் வந்த ஊர்களில் ஒன்று அவருடைய மனைவியின் ஊர். அவர் தன் வேலையிடமான கோழித் தொழிற்சாலைக்குப் போனார், வந்தார். சனிக்கிழமை விடியச் சட்டியை வைத்தார், தூண்டிலை எடுத்தார், போனார்.

எனக்கு அன்றைக்கு ஆத்திரம் வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. ஒரு மனிதன் கொஞ்சமாவது தளரவேண்டும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. தளர்ந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன், அதற்கான வசனங்கள் என்னிடம் நிறைய இருந்தன. அடுப்பை நிறுத்திவிட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு புல்வெளியால் ஆற்றுக்கு நடந்தேன்.

அவர் நாணலுக்குப் பின்னால் முழங்காலில் நின்றார். எதிர்க்கரையில், கொடிகள் விலகிய இடத்தில், ஒரு பெரிய மீன் வந்து வந்து நீரைத் தொட்டது. தொடும்போதெல்லாம் ஒரு வட்டம் விரிந்து ஓட்டத்தோடு போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“சட்டியை ஆர் பாக்கிறது?”

“நிப்பாட்டிப்போட்டு வந்திட்டன்.”

நூலை வீசக் கையை உயர்த்தியவர் கீழே விட்டார்.

“ஏன்?”

“அண்ணை, உங்களுக்குப் பயமே இல்லையோ? அங்க என்ன நடக்குதெண்டு தெரியாமல் ஒவ்வொரு சனியும் சட்டியை வைச்சுக்கொண்டு...” எனக்கு வசனம் முடியவில்லை. நிறைய வாசித்தவர்களுக்கு இது நடப்பதுண்டு.

அவர் ஈயை எடுத்துக் கம்பின் வளையத்தில் கொளுவினார். மெல்ல எழும்பினார், முழங்கால் நனைந்திருந்தது.

“தம்பி, டிறைவருக்குப் பின்னால நடக்கிறது ஒண்டும் தெரியாது. ஆர் ஏறினது, ஆர் இறங்கினது, ஆருக்குக் கால் எங்க கிடக்கெண்டு அவனுக்குத் தெரியாது. மணி அடிச்சா எடுப்பான். அடிக்காட்டி அப்பிடியே நிப்பான், நாள் முழுக்க நிப்பான்.” மீன் நின்ற இடத்தைப் பார்த்தார். “நான் அடிக்காமல் விட்டா அவையள் அங்கயே நிண்டிடுவினம்.”

அந்த மீனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். குமிழைத் திருப்பி, சட்டிக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அது திரும்பக் கொதிவரும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு கதிரையைக் காட்டினார். நான் இருந்தேன். அவர் திரும்ப ஆற்றுக்குப் போனார். அன்றைக்கு முட்டைக் குழம்பு.

மனைவியும் மகளும் உயிரோடு இருக்கிறார்கள் என்று மாரிகாலத்தின் நடுவில், கொழும்பில் இருந்த ஒரு உறவினர் வழியாகச் செய்தி வந்தது. கோப்பு எழும்புவதற்கு அதற்குமேலும் ஒரு கோடையும் ஒரு மாரியும் போயின. நாட்டில் கேள்விகள் எழும்பி, பத்திரிகைகள் எழுதத் தொடங்கி, மேசையில் கிடந்தவை ஒவ்வொன்றாக அசைந்தன. இவருடைய அனுமதி வந்தபோது, தனக்கு முன்பே தெரிந்த செய்தியைப் பிந்திக் கொண்டுவந்தவரைப் பார்ப்பதுபோலத் தபால்காரரைப் பார்த்தார்.

நான் வேறு இடம் பார்த்துக்கொண்டேன். முயல்களிடம் விடைபெறுவது நினைத்த அளவு சுலபமாக இல்லை. மனைவியும் மகளும் வரும் நாள் ஒரு சனிக்கிழமையாகவே அமைந்தது. விமானம் பிலுண்டுக்குப் பின்னேரம் வரும். காரில் போனால் அரைமணி நேரம்கூட இல்லை. முதல்நாளே அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சிவப்புக் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து வந்திருந்தார். அதைக் கதிரையின் முதுகில் போட்டபோது நிலத்தைத் தொட்டது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, “வளருவாள்” என்றார்.

நான் மத்தியானம் என் கடைசிப் பெட்டியை எடுக்கப் போனபோது வீட்டில் ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. மணம் இல்லை. அடுப்பு வெறுமையாகக் கிடந்தது. புதுச் சட்டி கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. குளிர்பெட்டியைத் திறந்தேன். தட்டில், துப்புரவாக்கி மஞ்சள் உப்புப் பூசிய ஓரெட் ஒன்று, நான் அந்த ஆற்றில் கண்டதிலேயே பெரியது. விடியவே போய்ப் பிடித்திருக்கிறார். அவருடைய வரலாற்றில் முதல் தடவையாக மீன் சட்டிக்கு முந்திவிட்டது.

அவர் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கார்ச் சாவியையும் சிவப்புக் கோட்டையும் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றார்.

“சட்டி வைக்கேல்லையோ அண்ணை?”

அவர் அடுப்பைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கோட்டை ஒருதரம் மடித்தார், பிறகு விரித்தார்.

“வந்து இறங்கட்டும்” என்றார். “பாப்பம்.”

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. வெளியே போனார். காரின் கதவு ஒன்று சாத்திற்று. வழக்கத்தைவிட மெல்ல.

நான் குசினியில் கொஞ்ச நேரம் நின்றேன். விமானங்கள் பிந்தும். கொழும்பிலேயே ஆட்களை மறித்து வைத்திருப்பார்கள். கடைசி மேசையில் ஒரு முத்திரை பிழைக்கலாம். இப்படி யோசிப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது, எல்லாம் வரிசையாக வந்தன. பெட்டியைத் திறந்து, புத்தகங்களுக்கு அடியில் இருந்த ரின்மீனை எடுத்தேன். எத்தனையோ தத்துவம் வாசித்த ஒரு மனிதன், ரின்மீன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்துவீட்டு அம்மையார் சன்னலால் பார்க்கப் பார்க்க, வளவைக் கடந்துபோய்க் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்ததை நீங்கள் விரும்பினால் கற்பனை செய்யலாம்.

பிறகு சட்டியை நிமிர்த்தி வைத்து அடுப்பைப் போட்டேன். வெங்காயம், உள்ளி, வெந்தயம். பழப்புளி கரைத்து விட்டேன். தூளை அவர் போடும் அளவுக்குப் போட்டேன், உப்பு ஒரு பிடி கூட. காவலுக்கு இருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன், புத்தகம் எடுக்கவில்லை. சன்னலால் பார்த்தால் நாணலும் ஆறும் தெரிந்தன, தொப்பி இல்லை. குழம்பு வற்றியது, தண்ணீர் விட்டேன். கொதித்தது. மறுபடியும் வற்றியது. விமானம் இறங்கவேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று சுவர்க்கடிகாரம் சொன்னது. நான் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் விட்டேன்.

முன்பக்கத்தில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. குசினியிலிருந்து அந்தப் பக்கம் தெரியாது. நான் எழும்பிப் போய்ப் பார்க்கவும் இல்லை. குளிர்பெட்டியிலிருந்து தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு கதவு சாத்திற்று. அது எனக்குத் தெரிந்த சத்தம்.

இன்னொன்று சாத்திற்று.

பிறகு, கொஞ்சம் பிந்தி, பின்பக்கக் கதவொன்று பலம் போதாமல் சாத்தி, சரிவராமல் திறந்து, இரண்டாந்தரம் ஓங்கிச் சாத்துப்பட்டது.

நான் மீனைக் குழம்புக்குள் விட்டேன்.